ஊர் ரோட்டில் கோளாறு எங்கே? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஊருக்குள் ஒரு விபத்து நடந்துவிட்டால் மறுநாள் பத்துப் பேர் கூடி நிற்பார்கள். யாராவது ஒருவர், "இங்கே ஒரு வேகத்தடை போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பார். மற்றவர்கள் ஆமாம் போடுவார்கள். வளைவில் பைக் சறுக்கியிருந்தாலும் வேகத்தடை, இருட்டில் நின்ற டிரெய்லர்மேல் மோதியிருந்தாலும் வேகத்தடை. தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரை.

இன்னொரு பக்கம், "ஓட்டினவன் சரியில்லை" என்று கதையை முடித்துவிடுவதும் உண்டு. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு வண்டிகள், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. அதைத் தேடத்தான் இந்தக் குறிப்பு. உங்கள் ஊரில் தெரிகிற அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்த பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன்

விபத்து நடந்த அதே நேரத்துக்கு அங்கே போங்கள். காலை ஏழரைக்கு நடந்திருந்தால் காலை ஏழரை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் சூரியன் மறுபக்கம் இருக்கும். வெயில் கண்ணில் அடித்ததுதான் காரணம் என்பது கடைசிவரை பிடிபடாது. மழையில் நடந்ததென்றால் மழை நாளில் குடையோடு போங்கள்.

அடுத்தது, அடிபட்டவரின் கண் உயரத்தில் இருந்து பாருங்கள். ஒருமுறை ஒரு முச்சந்தியில், ஆறு வயதுப் பையன் அடிபட்ட இடத்தில் நின்று பார்த்தேன். ரோடு இருநூறு மீட்டர் தூரத்துக்குப் பளிச்சென்று தெரிந்தது. இதில் என்ன தெரியாமல் போகும் என்றுதான் நினைத்தேன். அப்புறம் முட்டி போட்டு உட்கார்ந்தேன். ரோடே காணாமல் போனது. கண்ணுக்கு நேராக வேலிச்செடியின் இலைகள், அதற்கு அப்பால் மின்கம்பத்தின் அடியில் குவித்து வைத்த ஜல்லி. வருகிற வண்டியின் சத்தம் கேட்டது, வண்டி தெரியவில்லை. ஏதோ வேலைக்கு இறக்கிய ஜல்லி; வேலை முடிந்தும் மாதக்கணக்கில் அப்படியே கிடந்திருக்கிறது. அரை நாள் மண்வெட்டி வேலையில் தீர்கிற கோளாறு அது. அங்கேயும் வேகத்தடைக்குத்தான் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது, வேகத்தை அளந்து பாருங்கள். ரோட்டோரத்தில் சரியாக 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளங்கள் போடுங்கள். இரண்டு கம்பங்கள் இருந்தால் இன்னும் வசதி. வண்டி முதல் அடையாளத்தைத் தாண்டும்போது போனில் ஸ்டாப்வாட்சை அமுக்கி, இரண்டாவதைத் தாண்டும்போது நிறுத்துங்கள். 180-ஐ அந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது வந்துவிடும். 3 விநாடி என்றால் 60. இரண்டரை என்றால் 72. கை கொஞ்சம் முன்னே பின்னே போகும், பரவாயில்லை. நூறு வண்டி அளந்தால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: கையில் நோட்டோடு ரோட்டை ஒட்டி நிற்காதீர்கள். ஆளைப் பார்த்ததும் எல்லோரும் நல்லபிள்ளை ஆகிவிடுவார்கள். மர நிழலில், தள்ளி உட்காருங்கள்.

கடைசியாக, விபத்தை மட்டும் எண்ணாமல் தப்பித்ததையும் எண்ணுங்கள். டயர் தேய்ந்த கறுப்புக் கோடு, உடைந்த கண்ணாடித் தூள், மதில் மூலையில் ஒட்டிய பெயின்ட், பட்டை உரிந்த மரம். யாரும் புகார் கொடுக்காத விபத்துகளின் பதிவேடு அதுதான்.

அறிகுறி: ஊருக்குள் எல்லா வண்டியும் பறக்கிறது

நூறு வண்டியின் வேகத்தையும் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி, 85-ஆவது எண்ணைப் பாருங்கள். சாலைப் பொறியாளர்களும் இந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். அனுமதித்த வேகம் 40, ஆனால் 85-ஆவது வண்டி 65-ல் போகிறது என்றால் பெரும்பாலோர் தப்பு செய்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியானால் ரோடுதான் அவர்களை அப்படி ஓட்டச் சொல்கிறது. அந்த எண் 42-ல் நிற்க, நாலைந்து பேர் மட்டும் 90-ல் போனால் அது ஆள் கோளாறு. அதற்குக் காவலர் வேண்டும். தாரும் சிமெண்டும் அங்கே வீண் செலவு.

ரோடு எப்படி வேகமாகப் போகச் சொல்லும்? வளைவு நெளிவில்லாமல் நேராக, அகலமாக, புதுத் தார் போட்டு, நடுவில் வெள்ளைக்கோடு போட்டு வைத்திருந்தால் ஓட்டுகிறவர் கண்ணுக்கு அது நெடுஞ்சாலைதான். அரை மணி நேரம் 80-ல் வந்தவருக்கு 50 என்பது ஊர்ந்து போவது போலத் தோன்றும். "மெதுவாகத்தான் வந்தேன்" என்று அவர் சொல்வது பொய்யில்லை, அவர் உணர்வு அப்படி.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. ஆபத்தைப் பார்த்து காலை பிரேக்கில் வைக்க ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த ரோட்டில் 30-ல் வரும் கார் சுமார் 18 மீட்டரில் முழுதாக நின்றுவிடும். 50-ல் வரும் கார் அந்த ஒன்றரை விநாடியிலேயே 21 மீட்டர் ஓடியிருக்கும். அதாவது முதல் கார் நின்றுபோன இடத்தை இரண்டாவது கார் பிரேக்கைத் தொடும் முன்பே, வேகம் துளியும் குறையாமல் கடந்திருக்கும். நடுவில் ஆள் நின்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள்.

சரி, எப்படிக் குறைப்பது? முதலில் ஊர் எங்கே தொடங்குகிறது என்பது கண்ணில் படவேண்டும். வெறும் பெயர்ப்பலகை போதாது. முதல் வீட்டுக்குக் கொஞ்சம் முன்பே இரண்டு பக்கமும் மரம், கம்பம், உயர்ந்த ஓரக்கல் என்று ரோடு நெருங்குவது போலத் தெரிய வேண்டும். அங்கிருந்து உள்ளே ஓரக்கோடுகளை உள்பக்கம் தள்ளிப் போட்டு ஓடுபாதையைக் குறுக்கினாலே கால் தானாக ஆக்சிலரேட்டரை விடும். நடுக்கோட்டை அழித்துப் பார்த்து வேகம் குறைந்த அனுபவம் இங்கிலாந்தில் உண்டு; கோடு இருந்தால் "என் பாதை எனக்கு" என்கிற தைரியம் வந்துவிடுகிறது. நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து பகுதியில் ஹான்ஸ் மாண்டர்மன் என்ற போக்குவரத்துப் பொறியாளர் 1980-களிலேயே கிராமத்து ரோட்டைக் கிராமத்துத் தெரு மாதிரியே தெரியும்படி மாற்றி, பலகைகளைக் கழற்றி, வேகத்தைக் குறைத்துக் காட்டினார்.

இப்போது வேகத்தடைக்கு வருவோம். நான் அதற்கு எதிரி இல்லை. சரியான இடத்தில், சரியான வடிவத்தில் இருந்தால் அதைப் போல வேலை செய்வது வேறில்லை. ஆனால் பெரும்பாலும் போடுவது அரை மீட்டர் அகலத்தில் ஒரு குட்டிக் கரை. அதன் மேல் மெதுவாகப் போனால் முதுகெலும்பு எகிறும். வேகமாகப் போனால் ஷாக் அப்சார்பர் அடியை விழுங்கிவிடும். யாரைத் தண்டிக்க வேண்டுமோ அவரை விட்டுவிட்டு மற்றவரைத் தண்டிக்கிற ஏற்பாடு. இதை 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சாலை ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்பவர் சோதித்துப் பார்த்துத்தான் வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வட்டமான திண்டு வடிவத்துக்கு வந்தார். 25, 30 கிலோமீட்டரில் ஏறி இறங்கினால் சுகமாக இருக்கும். அதற்கு மேல் போனால் தூக்கிப் போடும். நாம் கேட்க வேண்டியது அதைத்தான். கூடவே மூன்று விஷயம்: முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை, மேலே இருட்டிலும் தெரியும் வெள்ளைப் பட்டை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நூறு மீட்டருக்கு மேல் போகாத இடைவெளி. ஒன்றே ஒன்று போட்டால் அதைத் தாண்டியதும் கோபத்தில் இன்னும் முறுக்குவார்கள்.

ராத்திரியோடு ராத்திரியாக மண்ணையும் கல்லையும் கொட்டித் தாங்களே தடை போட்டுக்கொள்கிற ஊர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பெயின்ட் இல்லாத மேட்டில் முதலில் விழுவது வேகமாக வந்த லாரி அல்ல, பின்னால் மனைவியை உட்காரவைத்து நிதானமாக வந்த பைக்காரர்.

அறிகுறி: அந்த ஒரே வளைவில்தான் விழுகிறார்கள்

எந்தப் பக்கம் விழுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். கண்ணாடித் தூளும் டயர் கோடும் அதைச் சொல்லிவிடும்.

வளைவின் வெளிப்பக்கம் பாய்ந்திருந்தால் வளைவு வருவது தெரியவில்லை, அல்லது அது எவ்வளவு கூர்மை என்பது தெரியவில்லை. நீண்ட நேர் ரோட்டுக்குப் பிறகு வரும் முதல் வளைவும், போகப்போக இறுகும் வளைவும் இந்த வகை. வெளிவிளிம்பில் அம்புக்குறிப் பலகைகளை வரிசையாக நட்டால் வளைவின் உருவம் இருட்டிலும் தெரியும். ஒரே பலகையை முன்னால் நட்டுவிட்டு விடுவது அரைகுறை வேலை.

உள்பக்கத்தில் நேருக்கு நேர் மோதல் என்றால் வளைவை வெட்டி ஓட்டுகிறார்கள். ஏன் வெட்டுகிறார்கள்? எதிரே வருவது தெரியாததால்தான் அந்தத் தைரியம். உள்பக்கத்துப் புதரை வெட்டுங்கள். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி வெட்டுங்கள். புதர் ஒரு முறையோடு அடங்குவதில்லை.

மழையில் மட்டும் விழுகிறார்களா? ஒரு வாளித் தண்ணீரை வளைவின் நடுவில் ஊற்றிப் பாருங்கள். வளைவில் ரோட்டின் வெளிவிளிம்பு உயர்ந்து, தண்ணீர் உள்பக்கமாக ஓடவேண்டும். வெளிப்பக்கமாக ஓடினால் ரோடு தப்பாகச் சாய்ந்திருக்கிறது. வண்டியைத் தாங்கிப் பிடிப்பதற்குப் பதிலாக வெளியே தள்ளுகிறது. மேலே மேலே தார் போட்டுப் போட்டு இந்தச் சாய்வு கெட்டுப்போன வளைவுகள் உண்டு. இதைப் பலகை நட்டுச் சரிசெய்ய முடியாது, ரோட்டையே மறுபடி சாய்த்துப் போட வேண்டும்.

தண்ணீர் சரியாக ஓடுகிறது, ஆனாலும் பைக்குகள் மட்டும் சறுக்குகின்றன என்றால் துடைப்பத்தை எடுங்கள். பக்கத்து மண்பாதையிலிருந்து வண்டிகள் இழுத்துவரும் ஜல்லியும் மணலும் சரியாக வளைவில் வந்து சேரும். கார்க்காரருக்கு அது தெரியவே தெரியாது. அந்த மண்பாதை ரோட்டில் சேரும் கடைசிப் பத்து மீட்டருக்குத் தார் அல்லது கான்கிரீட் போட்டால் கூட்டுகிற வேலையே மிச்சம்.

அறிகுறி: "வண்டி வந்ததே தெரியவில்லை"

குறுக்குப் பாதையிலிருந்து பெரிய ரோட்டில் ஏறுகிற இடத்தில் இந்த வாக்கியம் அடிக்கடி கேட்கும். நிறுத்தக் கோட்டிலிருந்து 3 மீட்டர் பின்னால், கார் ஓட்டுபவரின் கண் உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே கண்ணை வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். பெரிய ரோட்டில் 60-ல் வருகிற வண்டி நிற்கவே 45 மீட்டர் வேண்டும், ஈரமாக இருந்தால் இன்னும் அதிகம். அவ்வளவுகூடத் தெரியவில்லை என்றால் எது மறைக்கிறதோ அதை எடுக்க வேண்டும்: விளம்பரத் தட்டி, நிறுத்திவைத்த வண்டி, விறகுக் கட்டு. மதில் என்றால் எடுக்க முடியாது. அங்கே நிறுத்தக் கோட்டைக் கொஞ்சம் முன்னே தள்ளி, குவிகண்ணாடி வைக்கலாம். அந்தக் கண்ணாடியில் வண்டி தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். யாராவது வருகிறார்களா என்று பார்க்க மட்டும் அது உதவும், எவ்வளவு தூரம் என்று கணிக்க உதவாது.

இதைவிட விசித்திரமான ஒன்று உண்டு. சுற்றிலும் வெட்டவெளி, மரமில்லை, மதிலில்லை, அரை கிலோமீட்டர் தெரிகிறது, ஆனாலும் மோதுகிறார்கள். ஊரார் பேய் என்பார்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. இரண்டு வண்டிகள் மாறாத வேகத்தில் ஒரே புள்ளியை நோக்கி ஒரே நேரத்தில் போய்ச் சேரும்படி வந்தால், ஒருவர் கண்ணுக்கு மற்றவர் நகராமல் ஒரே திசையிலேயே நிற்பார். நகராத பொருளைக் கண் எளிதில் கவனிக்காது. அந்தத் திசை கார்க் கண்ணாடியை ஒட்டிய தூணுக்கு நேராக அமைந்துவிட்டால் தீர்ந்தது: சைக்கிள்காரர் கடைசிவரை அந்தத் தூணின் பின்னாலேயே ஒளிந்து வருவார். இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் இப்லி கிராஸ் என்ற சந்திப்பு இதற்குப் பேர்போனது. நல்ல வெளிச்சத்தில், திறந்த வெளியில், சைக்கிள் ஓட்டிகள் அங்கே அடிபட்டு இறந்திருக்கிறார்கள்.

இந்த இடத்துக்கு மருந்து, குறுக்கே வருகிறவரைக் கட்டாயம் நிற்கவைப்பது. வேகம் மாறினால் திசை மாறும், ஒளிந்தவர் வெளியே வந்துவிடுவார். நிறுத்தப் பலகையும் அதற்கு முன்னால் ஒரு வேகத்தடையும் பொருந்துகிற இடம் இதுதான். புதிதாக ரோடு போடுகிறார்கள் என்றால் நாற்சந்தியை நேருக்கு நேராக விடாமல், கொஞ்சம் தள்ளித் தள்ளி இரண்டு முச்சந்தியாக அமைக்கச் சொல்லலாம். ஓட்டுகிறவர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: சந்திப்பை நெருங்கும்போது தலையை முன்னும் பின்னும் அசைத்து அந்தத் தூணைச் சுற்றிப் பாருங்கள்.

அறிகுறி: பகலில் ஒன்றும் இல்லை, இருட்டினால்தான்

தெருவிளக்கு இல்லை என்பதுதான் எல்லோர் வாயிலும் முதலில் வரும். விளக்கு நல்லதுதான். ஆனால் ஊரைத் தாண்டிய எல்லா ரோட்டுக்கும் விளக்கு போடுவது நடக்கிற காரியமில்லை. அதனால் எதன் மேல் மோதுகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நின்ற வண்டி, டிராக்டர் டிரெய்லர், மாட்டு வண்டி: இவற்றின் பின்பக்கம்தான் பெரிய குற்றவாளி. ஹெட்லைட்டை டிம் செய்து வருகிறவருக்கு மண்நிற டிரெய்லர் கடைசி நேரத்தில்தான் தெரியும். பின்பலகையின் இரண்டு மூலையிலும் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை ஒட்டினால் நூறு மீட்டருக்கு அப்பாலேயே மின்னும். இதற்கு மனு வேண்டாம், யாருடைய கையெழுத்தும் வேண்டாம். ஒரு சாயங்காலம் ஊரில் உள்ள எல்லா டிரெய்லர்களையும் ஒரே இடத்துக்கு வரச்சொல்லி, பின்பலகையைத் துடைத்து, ஒட்டி அனுப்புங்கள். துடைக்காமல் ஒட்டினால் ஒரு வாரத்தில் உரிந்துவிடும். சேறும் எண்ணெயும் படிந்த பலகையில் எதுவும் நிற்காது. வைக்கோல் அல்லது கரும்பு பலகையைத் தாண்டித் தொங்கினால் ஒட்டியதெல்லாம் மறைந்துபோகும். அந்த நாட்களில் பாரத்தின் கடைசியில் ஒரு சிவப்பு விளக்கைத் தொங்கவிடுங்கள்.

நடந்துபோகிறவர்: கறுப்பு உடையில் போகிறவர் டிம் வெளிச்சத்தில் முப்பது மீட்டர் அளவில்தான் தெரிவார். 60-ல் வருகிறவர் நிற்க 45 வேண்டும் என்று மேலே பார்த்தோம். பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தக் கணக்கு உதைக்கும். மின்னும் பட்டையை முதுகில் போடுவதைவிடக் கணுக்காலில் கட்டுவது மேல். மேலும் கீழும் அசைகிற இரண்டு புள்ளியைப் பார்த்ததும் அது மனிதன் என்று மூளை சட்டென்று புரிந்துகொள்ளும். முதுகில் அசையாமல் இருக்கும் பட்டை கம்பமாகவும் இருக்கலாம். வண்டிகளுக்கு எதிர்முகமாக நடப்பதும் உதவும். வருவது நம் கண்ணில் படும், ஒதுங்கலாம்.

ரோட்டை விட்டு இறங்கிப் போகிறவர்: எதிர்வண்டியின் ஹைபீம் கண்ணில் அடித்து, சில விநாடி ஒன்றும் தெரியாமல் ஓரம் தவறியிருப்பார். அப்போது வழிகாட்டுவது ஓரத்து வெள்ளைக்கோடுதான். அது அழிந்துபோயிருந்தால் அதைத்தான் முதலில் கேளுங்கள். வளைவுகளில் ரோட்டில் பதிக்கும் மின்னும் குமிழ்கள் இன்னும் நல்லவை. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரைச் சேர்ந்த பெர்சி ஷா 1934-ல் காப்புரிமை வாங்கிய சரக்கு அது. ரப்பருக்குள் பதித்த கண்ணாடி மணி. மேலே டயர் ஏறும்போது ரப்பர் அமுங்கி மணியைத் துடைத்துவிடும். கண் இமைப்பது போல.

கால்நடை: மாட்டின் கண் ஹெட்லைட்டில் மின்னும் என்று நம்பாதீர்கள், அது முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கும். கழுத்துப் பட்டையிலும் கொம்பிலும் மின்னும் ஸ்டிக்கர் கொஞ்சம் உதவும். இரவில் கட்டிப்போடுவது முழுதாக உதவும்.

அறிகுறி: பள்ளிக்கூட நேரத்தில் மட்டும் குழப்பம்

காலையில் அரை மணி நேரம் பள்ளி வாசலில் நின்று எண்ணிப் பாருங்கள். குழப்பம் செய்யும் வண்டிகளில் பாதிக்குமேல் பிள்ளைகளை இறக்கிவிட வந்த பெற்றோருடையதாக இருந்தால் வேகத்தடை எதையும் மாற்றாது. வாசலிலிருந்து நூறு இருநூறு மீட்டர் தள்ளி ஓர் இடத்தில் இறக்கிவிட்டு, அங்கிருந்து பிள்ளைகள் கூட்டமாக ஒரு பெரியவரோடு நடந்து வரட்டும். முதல் வாரம் முணுமுணுப்பு இருக்கும்.

வெளியூர் வண்டிகள் வேகமாகக் கடப்பதுதான் பிரச்சினை என்றால் 30 கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். நடப்பவரும் வண்டியும் கலந்து புழங்கும் இடத்தில் 30-க்கு மேல் கூடாது என்பது 2020-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் அறிக்கையிலேயே இருக்கிறது. வேல்ஸ் நாடு 2023 செப்டம்பரில் குடியிருப்புப் பகுதிச் சாலைகளுக்கு மணிக்கு 20 மைல், அதாவது சுமார் 32 கிலோமீட்டர் என்பதையே பொது விதியாக்கியது. தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வேகமாக நெருங்கும் வண்டியைக் கண்ணால் கணிக்கும் திறனே முழுதாக வளர்ந்திருக்காது. "பார்த்துக் கடக்கக்கூடாதா?" என்று கேட்பதில் பயனில்லை. பார்த்துவிட்டுத்தான் இறங்கியிருக்கும் அந்தப் பிள்ளை.

பஸ்ஸிலிருந்து இறங்கி, பஸ்ஸின் முன்னால் குறுக்கே ஓடுவது தனி ஆபத்து. நிறுத்தத்தைக் கடவுப்பாதைக்கு அப்பால் தள்ளி வைத்தால் பிள்ளைகள் பஸ்ஸின் பின்னால் கடப்பார்கள். இரு பக்கத்துக்கும் தெரிவார்கள். நிறுத்தக் கம்பத்தைப் பிடுங்கி இருபது மீட்டர் தள்ளி நடுவது, அவ்வளவுதான்.

அறிகுறி: டிராக்டருக்குப் பின்னால் வரிசை, எரிச்சலில் ஓவர்டேக்

25-ல் போகும் டிராக்டரை 60-ல் தாண்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் நீளம், முன்னும் பின்னும் விடும் இடைவெளி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 5 விநாடி எதிர்ப்பக்கத்தில் இருப்பீர்கள். அதற்குள் நீங்கள் 80 மீட்டர் ஓடியிருப்பீர்கள், எதிரே வருகிறவரும் 80. ஆக 160 மீட்டர் வெறும் ரோடு தெரிந்தால்தான் கணக்கு நேராகும். நிறைய கிராமத்து ரோடுகளில் அவ்வளவு நேர்ப்பகுதி ஒன்றிரண்டு இடத்தில்தான் இருக்கும். அந்த இடங்களுக்குச் சற்று முன்னால் டிராக்டர் ஒதுங்க ஓர் அகலமான மண்திட்டு அமைத்தால் போதும். ஒதுங்குவது டிராக்டர்காரரின் கடமையா என்ற விவாதம் முடிவே இல்லாதது. அவர் ஒதுங்கினால் வரிசை கலைகிறது.

அறிகுறி: குழி, ஓரத்தில் பள்ளம், சட்டென்று இழுக்கும் ஹேண்டில்

குழியை எல்லோரும் பார்ப்பார்கள். ஓரத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் எனக்கு அதிகப் பயம் ஓரத்தின் மேல்தான். தார் மேலே மேலே ஏறி, மண் கரைந்து கீழே இறங்கி, விளிம்பில் ஒரு சாண் படிக்கட்டே உருவாகியிருக்கும். எதிர்வண்டிக்கு ஒதுங்கும்போது சக்கரம் கீழே இறங்கும். மறுபடி ஏற்ற ஸ்டீயரிங்கைத் திருப்பினால் டயரின் பக்கவாட்டு அந்த விளிம்பில் உரசிக்கொண்டு ஏற மறுக்கும். இன்னும் திருப்பினால் சட்டென்று ஏறி, வண்டி எதிர்ப்பக்கத்துக்கே பாயும். விபத்து அறிக்கையில் "கட்டுப்பாட்டை இழந்து" என்று எழுதப்படுவதில் இதுவும் இருக்கும். அப்படி இறங்கிவிட்டால் உடனே திருப்பாதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டு, வேகம் நன்றாகக் குறைந்த பிறகு ஏற்றுங்கள். ஊர் செய்யக்கூடியது: விளிம்பு வரை மண்ணும் ஜல்லியும் கொட்டி, நனைத்து, நன்றாக இடித்துச் சரிவாக்குவது. புதிதாகத் தார் போடும்போது விளிம்பைச் செங்குத்தாக விடாமல் சரித்துவிடச் சொல்லுங்கள்.

குழி மூடியும் மூடியும் திரும்ப வந்தால் கோளாறு குழியில் இல்லை, தண்ணீரில். பக்கத்து வாய்க்கால் அடைத்திருக்கும், அல்லது யாரோ வாசலுக்கு மண் கொட்டி உயர்த்தியிருப்பார்கள். தண்ணீருக்கு வழிவிடாமல் தார் போடுவது ஒழுகுகிற கூரையின் கீழே தரைக்குப் பெயின்ட் அடிப்பது போல.

எல்லாம் செய்தாயிற்று, ஆனாலும் தீரவில்லை

முதலில், கோளாறு இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய தெருவில் மூன்று தடை போட்டதும் பின்தெரு வழியாகக் குறுக்கு வழி பிடிப்பார்கள். அங்கேயும் 50 மீட்டர் அளந்து பாருங்கள்.

தீர்ந்துவிட்டது என்று தோன்றினாலும் உடனே நம்பாதீர்கள். ஒரு கிராமத்தில் விபத்துகள் எண்ணிக்கையில் குறைவு. ஒரு வருடம் மூன்று, அடுத்த வருடம் பூஜ்யம் என்பது பலகையால் வந்ததாகவும் இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதே நேரத்தில் நூறு வண்டியின் வேகத்தையும், அந்த இடத்தில் விழுந்த சடன் பிரேக் கோடுகளையும் ஒப்பிட்டால் ஒரு மாதத்திலேயே விடை கிடைக்கும். மாற்றுவதற்கு முன்பே அளந்திருந்தால்தான் ஒப்பிட முடியும். அதனால்தான் முதல் பகுதியைத் தாண்டாதீர்கள் என்றேன்.

ரோட்டுக்கு உரிமையான துறை எது என்பதை விசாரித்துவிட்டு மனு எழுதுங்கள். ஒரே ஊருக்குள் நடுரோடு ஒருவருக்கும் கிளைத்தெரு இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கும். தவறான மேசையில் வைத்த காகிதம் அங்கேயே கிடக்கும். எனக்கே அப்படி ஒரு காகிதம் ஏழு மாதம் கிடந்தது. இரண்டாவது மனுவில் "மிகுந்த ஆபத்து நிலவுகிறது" என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த வளைவில் வாளித் தண்ணீர் வெளிப்பக்கம் ஓடுவதைப் படம் எடுத்து, தேதியும் நேரமும் எழுதி, நூறு வண்டியின் வேகப் பட்டியலோடு வைத்தேன். அடுத்த வாரமே ஒரு பொறியாளர் அளவு நாடாவோடு வந்தார். வந்ததும் முதலில் கேட்டது, "அந்த வாளி இருக்கிறதா?"